இறங்கியவர்தானே சொல்ல வேண்டும்

அண்ணா,

இன்று காலை எங்கள் தெரு முனையில், மின்கம்பத்தின் அடியில் நின்றுகொண்டு ஒருவர் எர்த் ராடை, தவறி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கோலை, உயர்த்தி லைனில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று கம்பிகள், மூன்று கொக்கிகள். கொக்கி கம்பியில் விழும் அந்தச் சத்தம் நான்காம் மாடி வரை கேட்டது. மூன்றையும் அவர் மாட்டி முடிக்கிறாரா என்று பால்கனியில் நின்று பார்த்தேன். முடித்தார். உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதுமுன் வரிசை போட்டுக்கொள்வது என் வழக்கம். "நம்ம சாரு கத்திரிக்கா வாங்கப் போனாக்கூட எஸ்டிமேட் போட்டுக்கினுதான் போவாரு" என்று பம்பு ஹவுஸில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். இதற்கும் போட்டிருக்கிறேன்.

1. தண்ணீர் லைனை நீங்கள் காத்த விதம்.
2. அந்த மே மாத முற்பகல்.
3. விசாரணையும் உங்கள் மாற்றலும்.
4. நான் அன்று வாய் திறந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது.

தொண்ணூறுகளில் திருப்பதி வளர்ந்த வேகத்தை மற்றவர்கள் கட்டடங்களில் பார்த்தார்கள். நாம் பம்பு ஹவுஸ் மீட்டரில் பார்த்தோம். மாதத்துக்கு ஒரு லாட்ஜ் எழும்பியது. சத்தியவேடு, நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏற மின்சாரம் வேண்டும். நான் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். நீங்கள் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். ஆபீஸில் தெலுங்கு, நமக்குள் தமிழ்.

பம்பு ஹவுஸுக்கு மட்டும் சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு தனி மின்லைன் வந்தது. அதைத்தான் தண்ணீர் லைன் என்போம். ஊரில் எங்கே மின்சாரத்தை நிறுத்தினாலும் அதை நிறுத்த மாட்டார்கள். ஒரு மணி நேரம் மோட்டார் நின்றால் மூன்று மணி நேரத் தண்ணீர் போயிற்று என்று கொள்ள வேண்டும். காலியான குழாயில் காற்று புகுந்துவிடும். அது வெளியேறி அழுத்தம் திரும்ப நேரமாகும். இதை நான் உங்களுக்கு ஒருமுறைதான் விளக்கினேன். அதன்பின் அந்த லைனில் ஒரு பல்பு மாட்டக்கூட நீங்கள் சம்மதிக்கவில்லை.

அந்த லைன் ஒரு லாட்ஜின் மதிலை ஒட்டிப் போனது. கரண்ட் கட் ஆகாத கம்பி கண்ணெதிரே போகும்போது யாருக்குத்தான் ஆசை வராது? லாட்ஜ்காரர் ஒருநாள் நம் இருவரையும் மதிலோரம் மடக்கிவிட்டார்.

"இன்னாயா, உங்க மோட்டாருக்கு மட்டும் ராஜ மரியாதையா? என் லாட்ஜுக்கு வர்றவன்லாம் இருட்டுல கெடக்கணுமா?"

"இருட்டுல தூங்கலாம் நைனா. இந்த லைன்ல நீ கொக்கி போட்டா, காலையில எழுந்து குளிக்காம மலை ஏறுவாங்களே, பரவால்லையா?" என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்து, "சாரு, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். நான் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது நீங்கள், "ஃபைல்ல இன்னா போட்டிருந்துச்சு சாரு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

இரண்டாவதற்கு வருகிறேன்.

முந்தின மாலை அடித்த காற்றில் தண்ணீர் லைன் அறுந்திருந்தது. காலை ஒன்பதுக்கு நீங்கள் எல்.சி. வாங்கினீர்கள். லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்திவிட்டோம், தொடலாம் என்று சப்ஸ்டேஷன் கொடுக்கும் அனுமதி. வாங்கியவரே வேலை முடிந்தது என்று தம் வாயால் சொல்லி அதைத் திருப்பித் தந்தால்தான் லைனில் மறுபடி மின்சாரம் விடுவார்கள். மந்திரியே போன் செய்தாலும் அதுதான் முறை. இது உங்கள் துறை விதி என்றாலும் எனக்கும் மனப்பாடம்.

தொட்டியின் அளவுகாட்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் தொட்டி அது. அங்கிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பிரசவ வார்டில் வாளியில் தண்ணீர் சுமக்கிறார்கள் என்றார்கள். என் மேலதிகாரி மூன்று முறை கூப்பிட்டார். பதினொன்றே முக்கால் வாக்கில் ஜன்னல் வழியே பார்த்தேன். நீங்கள் கம்பத்தடியில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். உடனே ரெஜிஸ்டரைத் திறந்து நேரம் போட்டு, "வேலை முடிந்தது" என்று எழுதினேன். எழுதி, மை காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி.

"திகாரா சார்?" என்றார் தெலுங்கில். இறங்கிவிட்டாரா என்று.

ஜன்னல் என் இடது கைப் பக்கம் மூன்றடியில் இருந்தது. நான் திரும்பவில்லை. ரெஜிஸ்டரைப் பார்த்து, "ஆமாம், இறங்கிவிட்டார்" என்றேன். என் கையெழுத்தில் இருந்ததை நான் சந்தேகிக்கவில்லை. வேறு எதையும் சந்தேகிக்காத நாளே என் வாழ்க்கையில் கிடையாது.

வெளியே வெடித்தது. நீலமாக ஒரு ஒளி ஜன்னலில் அடித்து மறைந்தது. லைன் உடனே டிரிப் ஆகித் தானாக நின்றுவிட்டது. நீங்கள் அடுத்த கம்பத்தின் உச்சியில் இருந்தீர்கள். ஐந்து நிமிட வேலைக்குக்கூட இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டாமல் ஏறாதவர் என்பதால் உயிரோடு இருந்தீர்கள். வந்த மின்சாரம் அந்த ராடு வழியாக மண்ணுக்குள் போயிற்று.

இறங்கி, நடந்து, பம்பு ஹவுஸுக்குள் வந்தீர்கள். சட்டை முழுக்க வியர்வை.

"யார் சாரு சொன்னது?"

"நான்தான். நீங்கள் கீழே நின்றீர்கள்..."

"தண்ணி குடிக்க எறங்கனேன் சாரு. ஆள் எறங்கினா போதுமா? எறங்கினவன்தானே சொல்லணும்?"

அவ்வளவுதான். டீ வரவழைத்துக் குடித்தீர்கள். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள். சப்ஸ்டேஷனுக்கு நீங்களே பேசி எல்.சி.யை உறுதிப்படுத்திக்கொண்டு மறுபடி ஏறினீர்கள். இரண்டு மணிக்கு மோட்டார் ஓடியது. மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போய்விட்டது.

லைன் டிரிப் ஆனது பதிவாகியிருந்ததால் விசாரணை வந்தது. ஆபரேட்டர் தற்காலிக வேலையில் இருந்தவர். நடந்ததை நீங்கள் சொன்னால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும். நீங்கள் அதிகாரியிடம், "நான்தான் எல்.சி. திருப்பினேன் சார். ஒரு போல்டு விட்டுப்போச்சுன்னு மறுபடி ஏறிட்டேன், சொல்ல மறந்துட்டேன்" என்றீர்கள். நான் பக்கத்து நாற்காலியில் ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பி, "மீரு ஏதாவது சொல்லணுமா?" என்று தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார். நான் "இல்லை" என்றேன். எழுந்து வரும்போது அவருக்கு நன்றியும் சொன்னேன்.

உங்களை ராமகுப்பத்துக்கு மாற்றினார்கள். மாவட்டத்தின் மறுகோடி. பிள்ளைகளின் படிப்புக்காக அண்ணியும் அவர்களும் புத்தூரிலேயே இருந்தார்கள். பன்னிரண்டு வருடம் மாதத்துக்கு இரண்டு முறை வந்து போனீர்கள். ஒருமுறை போனில், "இங்க பட்டுப்பூச்சிக்குத்தான் சாரு கரண்ட் குடுக்கறேன். ஷெட்டுல ஃபேன் நின்னா அது துன்னாதாம். அதுங்க என்னைப் பத்தி விசாரணை வெக்காது" என்றீர்கள். நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு, சிரித்திருக்க வேண்டுமா என்று தோன்றியது.

நீங்கள் போன அடுத்த கோடையிலேயே தண்ணீர் லைனில் அந்த லாட்ஜுக்கும் இணைப்பு ஏறியது. பின்னால் இன்னும் இரண்டு. சுமை தாங்காமல் அடிக்கடி டிரிப் ஆனது. நான் ரெஜிஸ்டரில் நேரங்களைக் குறித்தேன். புகார்க் கடிதங்கள் வரைவாகவே என் மேஜையில் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் அனுப்பப் பழகிக்கொண்டோம்.

பிறகு சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டி என்ற தொழில்நகரில் தொழிற்சாலைகள் வந்தன. வேலையிலிருந்து முன்கூட்டியே விலகி, ஒரு கம்பெனியில் மின்பராமரிப்புக்குச் சேர்ந்தீர்கள். கம்பெனி பஸ் வீட்டுப் பக்கம் வரும் என்பதுதான் காரணம் என்றீர்கள். தாராளமயத்தால் நாட்டுக்கு நன்மையா தீமையா என்று நான் படித்தவை நிறைய. உங்களை அது இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் கழித்துத்தான் புத்தூருக்கு வந்தேன். கூட்டத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை. அண்ணி காப்பி கொடுத்தார். கோபமாக எதுவும் பேசவில்லை. ஊர் விஷயம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"மாத்தறதுக்கு முன்னால அந்த ஆபீசர் கேட்டாராம் சாரு. வாட்டர் ஒர்க்ஸ்ல இருந்து இன்னா நடந்துச்சுன்னு ஒரு கடுதாசி வரட்டும், உன்னை இங்கயே வெச்சிக்கிறேன்னு. நான் சொன்னேன், போய் அந்த சாருகிட்ட கேளுன்னு. இவரு கேக்கல."

"ஏன்?" என்றேன்.

"'அவரு பயந்தவரு. கேட்டா எழுதிக் குடுத்துடுவாரு, அப்பறம் ஒரு மாசம் சோறு எறங்காது அவருக்கு. அவரா குடுத்தா வாங்கிக்கலாம்'னாரு. பத்து நாளு ஆபீசுக்குப் போயி தபாலைப் பாத்துக்கினு இருந்தாரு."

காப்பியை முழுவதும் குடித்தேன்.

எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் இப்போது என் பொறுப்பில்தான். தொட்டியைக் கழுவ ஆள் உள்ளே இறங்கும்போது மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே இறங்கியவர் வெளியே வந்து, என் முன்னால் நின்று, முடிந்தது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கொடுப்பேன். "அங்கிள், அவர் வந்துட்டார், பார்த்தேன்" என்று மாடியிலிருந்து கத்துவார்கள். நான் அசைவதில்லை. பிடிவாதக்காரக் கிழவன் என்று பேர். அந்தப் பேரை நான் மறுப்பதில்லை.

இந்த மடலைத் தொடங்கும்போது, அண்ணி சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் வரிசையில் நான்காவதை, எதுவும் மாறியிருக்காது என்பதை, எழுதினேன். இத்தனை வருடம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. ஒருமுறை எழுதிவிட்டால் நம்பிவிடுகிறவன் நான்.

நான்காவது தவறு, அண்ணா. ஒரு பக்கக் கடிதம் போதுமாயிருந்தது. பத்து நாள் அதற்கு நேரமும் இருந்தது.