ஈரக் கழுத்தில் பவுடர்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி.

அம்பத்தூர் ஆய்வகத்தில் இன்றும் அதே கதை. ரத்தம் கசியும் காயத்தை மூடும் பசை. மூன்று வருட உழைப்பு. ஈரத் தோலில் வழுக்கிக்கொண்டு போகிறது. துடைத்துவிட்டுத் தடவினாலும் மறுபடி ஈரம் ஊறுகிறது. இயக்குநர்: "இந்த மாசத்தோட மூடிடலாம்மா." தலையாட்டினேன்.

சாயங்காலம் மாங்காடு, மனநல ஆலோசகர். அக்கா இறந்த பிறகு தூக்கம் கெட்டதால் நான் போக ஆரம்பித்த இடம். "கனவு வந்தா முழிச்சதும் எழுதிடுங்க. உடனே அர்த்தம் தேடாதீங்க." விஞ்ஞானிக்குக் கனவு வைத்தியம்!

வாங்க: பால், பல்பு, அம்மா மாத்திரை.

ஜூலை 3, வியாழன்

விழித்ததும் எழுதுகிறேன். பட்டாபிராம் வீடு. அக்கா குளித்துவிட்டு வந்து ஈரக் கழுத்தில் பவுடர் கொட்டிக்கொள்கிறாள். ரயிலுக்கு அவசரம், எப்போதும் போல.

"துடைச்சிட்டுப் போடேன்க்கா, திட்டு திட்டா ஒட்டிகினு கீது."

"ஒட்டுதில்ல? அப்புறம் இன்னாடி?"

சிரித்தாள். பதினாலு மாதத்தில் முதல் முறையாக முகம் தெளிவாக.

இரவு சேர்க்கிறேன்: பஸ்ஸில் உறைத்தது. பசையை ஏன் களிம்பாகத் தடவ வேண்டும்? உலர்ந்த தூளாகத் தூவினால் ஈரத்தை அதுவே குடித்துக்கொள்ளுமே.

ஜூலை 5, சனி

பசையை உலர்த்தி அரைத்தோம். பன்றித் தோல், மேலே தண்ணீர், தூள், இரண்டு நிமிட அழுத்தம். உதவியாளர் முருகன் இழுத்துப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, பிச்சாலும் வரமாட்டேங்குது!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் சாப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை. குடை பஸ்ஸில் போச்சு. மாங்காட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆலோசகர் கேட்டார்: "பசைக்கு வழி கெடச்சுது, சரி. அக்கா எதுக்கு வந்தாங்க?"

நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். இறந்த அன்று, நெஞ்சு வலிக்கிறது என்று அவள் மூன்று முறை கூப்பிட்டபோது என் போன் ஆய்வக லாக்கரில். நான் உள்ளே தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கனவிலும் அதேதான். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடிவிட்டேன். ரொம்ப வலித்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

காப்புரிமைப் படிவம் வந்தது. இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "எப்படிம்மா தோணுச்சு?"

"பஸ்ல வரும்போது சார்."

'கண்டுபிடித்தவர்' கட்டத்தில் என் பெயர். கீழே இன்னொரு வரி காலி. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அக்கா பெயரை எழுதாமல் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

பதினொரு நாளாகக் கனவே இல்லை.