நாங்கள் என்றொரு எழுத்துப் பிழை

கோஸ்கெலா
21 செப்டம்பர் 1986

அன்புள்ள ஹெல்விக்கு,

ஐம்பத்திரண்டு வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, போயும் போயும் கோழிக்கூட்டுக்குக் குடிபோன என் சிநேகிதிக்கு ரைலி எழுதுவது. சுகமா? உன் ஓர்வோ சுகமா? படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிறது என்று எழுதியிருந்தாய். தெரியட்டும், நன்றாகத் தெரியட்டும். ஆனால் அந்த ஊர் அணியின் பெயர் காட்டுக்கோழிகள் என்பதை ஏரி மறைத்துவிடாது.

ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்கிவிட்டது. நம் நீர்நாய்களின் முதல் ஆட்டம், நம் அரங்கில். நாம் ஜெயித்துவிட்டோம்! நான்குக்கு இரண்டு. கோல் காக்கிற நம் கோலி ஹுர்மே சுவர் மாதிரி நின்றான். நான் கத்தின கத்தலில் மறுநாள் தபால் அலுவலகத்தில் தலையை ஆட்டித்தான் ஸ்டாம்பு விற்றேன்.

உன் இருக்கையை தௌனோ என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர். வந்ததிலிருந்து சாசேஜ் தின்கிறார். கடுகுச் சாந்து என் கோட்டில் பட்டால்கூடத் தெரியாது அவருக்கு. "அம்மா, இப்ப ஏன் விசில் அடிச்சாங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிற என்னிடம்! "வேண்டாங்க, எனக்குச் சஸ்பென்ஸ் பிடிக்கும்" என்றேன்.

இன்னொன்று. போன மார்ச்சில் கடைசியாகச் சேர்ந்து பார்த்த ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம் இல்லையா. வழக்கப்படி மூன்றாம் பகுதிக்கு முன்னால் இடது கையுறையை மாற்றிக்கொண்டோம். ஜெயித்த சந்தோஷத்தில் திருப்பிக்கொள்ள மறந்தே போய்விட்டோம். உன் சாம்பல் இங்கே, என் நீலம் அங்கே. "என்ன ரைலி, இருட்டுல கெளம்பி வந்தியா?" என்று தபால் அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், நான் கழற்றுவதாக இல்லை.

போனில் பேசினால் நீ "ம்" கொட்டுகிறாயே தவிர ஒன்றும் சொல்வதில்லை. அதனால் எழுது.

உன்,
ரைலி


லெஹ்திவேசி
5 அக்டோபர் 1986

என் ரைலிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன், காப்பி பொங்கி வழிந்துவிட்டது. நாம் ஜெயித்ததை ரேடியோவில் கேட்டேன். ஓர்வோ அடுத்த அறையில் தன் அணியின் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டு ரேடியோ. "புருஷன் பொண்டாட்டி பேச்சு ரேடியோ வழியாத்தான் போல" என்று மாடி வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

கல்யாணப் பரிசாக அவர் எனக்கு ஒரு பச்சைக் கழுத்துத் துண்டு வாங்கி வாசல் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார். கோழிப் படம் போட்டது. அதன் மேல் நான் என் கோட்டை மாட்டிவிட்டேன். அவர் தன் தொப்பியை வேறு கொக்கிக்கு மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர், ரைலி. அணி விஷயத்தில்தான் அறிவு மட்டு.

போன வாரம் அவர்கள் அரங்கத்துக்கு, அந்தக் கோழிக்கூட்டுக்கு, கூட்டிப்போனார். கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய் பன் மட்டும் நம் அரங்கத்தைவிட நன்றாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே.

உன் நீலக் கையுறை என் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. தௌனோவுக்குக் கையுறை கொடுத்து மாற்றிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த ரயிலில் வந்து இறங்குவேன்.

உன்,
ஹெல்வி


கோஸ்கெலா
23 நவம்பர் 1986

ஹெல்வி,

பட்ட காலிலே படும் என்பார்கள். நமக்குப் பட்டது ஹுர்மேயின் முழங்காலில். பயிற்சியில் விழுந்தானாம், ஜனவரி வரை பனியில் இறங்க முடியாதாம். மாற்றுக் கோலியாக நிற்கிற பையன் ரப்பர் தட்டு பறந்து வரும்போதெல்லாம் கும்பிடுகிறவன் போலக் குனிகிறான், அது தலைக்கு மேலே போய்விடுகிறது. தொடர்ந்து ஆறு தோல்வி. நாம் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம் யாருக்கென்று நினைக்கிறாய்? உன் வீட்டுக்காரரின் கோழிகளுக்கு!

கடைசியில் நிற்கிற அணி அடுத்த வருடம் கீழ் லீக்குக்குப் போகவேண்டும் என்று தௌனோ எனக்கு விளக்கினார். "இறங்கிட்டா நான் வரமாட்டேன்ம்மா. கீழ் லீக்கெல்லாம் மனுஷன் பார்ப்பானா?" என்றார். சாசேஜைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது. நாற்பது வருடமாக மேலே இருக்கிற அணி, ஹெல்வி.

தனியாக உட்கார்ந்து தோற்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் தோற்றாலும் உன் வீட்டுக்கு வந்து, சவுனா நீராவியில் உட்கார்ந்து நடுவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.

ரைலி


லெஹ்திவேசி
14 டிசம்பர் 1986

என் ரைலிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஓர்வோவுக்கு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது தேவலை. நான் பயந்துபோனேன். ஒருவனை அடக்கம் செய்துவிட்டு வந்தவள் நான், இன்னொரு முறை என்னால் ஆகாது.

அரங்கத்தில் அவருக்குப் பக்கத்து வரிசைக்காரர்கள் செய்த உதவியை மறக்க முடியாது. பெயர்கூடச் சரியாகத் தெரியாது எனக்கு. ஒருவர் தினம் வந்து வாசல் பனியைத் தள்ளினார். ஒரு அம்மாள் வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் கொண்டுவந்தாள்.

நேற்று முதல் தடவையாக அவரை வெளியே அழைத்துப் போனேன். வேறெங்கே, கோழிக்கூட்டுக்குத்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் நாங்கள் மூன்றாவது கோல் போட்டதும், மனிதர் இருமலை மறந்து எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் வந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் பையன் இன்னும் குனிகிறானா? கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு காப்பிப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

உன்,
ஹெல்வி


கோஸ்கெலா
20 டிசம்பர் 1986

அன்புள்ள ஹெல்விக்கு,

ஓர்வோ தேறியதில் நிஜமாகவே சந்தோஷம். மருந்தை நேரத்துக்குக் கொடு. காப்பி வந்தது, நன்றி.

ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் தடவை படித்தேன். 'நாங்கள் மூன்றாவது கோல் போட்டதும்' என்று எழுதியிருக்கிறாய்.

யாரடி அந்த நாங்கள்?

நாம் என்றால் நீயும் நானும். முப்பது வருடமாக அப்படித்தான். நாங்கள் என்றால் நீ இருக்கிறாய், அந்தச் சூப் அம்மாள் இருக்கிறாள், நான் இல்லை.

அவசரத்தில் எழுதியிருப்பாய். ஆஸ்பத்திரி, அலைச்சல், தூக்கமில்லை. தபால் அலுவலகத்தில் நான் பார்க்காத எழுத்துப் பிழையா? 'அது எழுத்துப் பிழை' என்று ஒரே ஒரு வரி எழுது, போதும். மறந்துவிடுகிறேன்.

ரைலி


லெஹ்திவேசி
4 ஜனவரி 1987

என் ரைலிக்கு,

ஒரு வரிதான் கேட்டாய். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அது எழுத்துப் பிழை இல்லை. அந்தக் கோல் விழுந்தபோது கை தன்னாலே தட்டியது. தட்டின பிறகுதான் பார்த்தேன். வாரா வாரம் அவர்கள் நடுவில் உட்கார்கிறேன், அவர்கள் கொடுத்த சூப்பைக் குடிக்கிறேன். எவ்வளவு நாள் கல்லாட்டம் இருப்பது? வழியனுப்பும்போது ரயில் நிலையத்தில் நீதானே சொன்னாய், "ஊரோட ஒத்து வாழுடி" என்று.

கோபப்படாமல் எழுது.

உன்,
ஹெல்வி


கோஸ்கெலா
11 ஜனவரி 1987

ஹெல்விக்கு,

ஊரோடு ஒத்து வாழச் சொன்னேன். கோழியோடு சேர்ந்து கொக்கரிக்கச் சொல்லவில்லை.

உன் சாம்பல் கையுறையை இதோடு வைத்திருக்கிறேன். என்னுடையதைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. புதிதாக ஒன்று பின்னிக்கொள்கிறேன்.

ரைலி மகேலா


லெஹ்திவேசி
1 மார்ச் 1987

என் ரைலிக்கு,

ஜனவரியில் ஒன்று எழுதினேன், பிப்ரவரியில் ஒன்று. கோஸ்கெலா தபால் அலுவலகத்தில் கடிதம் காணாமல் போகாது என்று எனக்குத் தெரியும், அங்கே வேலை பார்ப்பது நீ.

அட்டவணையைப் பார்த்திருப்பாய். கடைசி இரண்டு இடம், இரண்டு அணிக்கும் ஒரே புள்ளிகள், கடைசி ஆட்டமும் இவர்களுக்குள்ளேயே. வருகிற சனிக்கிழமை, இங்கே. தோற்கிறவர்கள் கீழே. யார் இப்படி அட்டவணை போட்டார்களோ, அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போகட்டும்.

நீ ரசிகர் பஸ்ஸில் வருவாய். வராமல் இருக்க உன்னால் முடியாது. ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா. சால்மன் சூப் வைக்கிறேன், கறுப்பு ரொட்டி சுடுகிறேன், சவுனா சூடாக இருக்கும். யார் ஜெயித்தாலும் நடுவரைத் திட்டலாம். "அவங்க வந்தா நான் ரெண்டு நாள் தம்பி வீட்டுக்குப் போயிடறேன், நீங்க தாராளமா சண்டை போடுங்க" என்கிறார் ஓர்வோ.

வா, ரைலி.

ஹெல்வி


கோஸ்கெலா
4 மார்ச் 1987

பஸ்ஸில் வருகிறேன். அதே பஸ்ஸில் திரும்புகிறேன். சூப் வேண்டாம்.

ரை.


லெஹ்திவேசி
8 மார்ச் 1987

அன்பு ரைலி,

பஸ் பத்திரமாக வந்து சேர்ந்ததா? வழியெல்லாம் பனிக்காற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். கவலையாக இருந்தது.

நீ என்னைப் பார்த்தாயோ என்னவோ, நான் உன்னைப் பார்த்தேன். எதிர் மூலையில், கண்ணாடிக்குப் பின்னால், அத்தனை நீலத்திலும் குட்டையானவள் நீதான். முன்னால் நின்ற நெட்டைப் பையனின் முதுகில் குத்தி அவனை நகர்த்தினாய். சிரிப்பு வந்தது எனக்கு.

கிளம்பும்போது ஓர்வோ அந்தப் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினார். "இன்னிக்காவது போட்டுக்கறியா?" என்றார். "குளிரலை" என்றேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

இரண்டாம் பகுதி முடிந்தபோது நீர்நாய்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். என் கை கோட்டுப் பைக்குள் போனது. உன் நீலக் கையுறையை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டேன், கோழிக்கூட்டின் நட்டநடுவில், அத்தனை பேர் பார்க்க. ஓர்வோவும் பார்த்தார்.

"அது யாரோடது?"

"ரைலியோடது."

"அப்ப அது நமக்கு எதிரா வேலை செய்யுமா?"

"செய்யும்."

"சரி, காப்பி ஆறிடும், குடி" என்று தன் கோப்பையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

மூன்றாம் பகுதியின் மூன்றாவது நிமிடத்தில் சமன் ஆனது. கையுறைதான் ரைலி, வேறென்ன? ஆனால் ஒற்றைக் கையுறைக்கு அவ்வளவுதான் சக்தி. மற்றது உன் கையில் இருந்திருக்க வேண்டும். நீ அதைத் தபாலில் போட்டுவிட்டாயே.

அந்தக் கடைசி கோல் விழுந்ததும் அரங்கமே எழுந்தது. சூப் அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். என் கை தட்டும் என்று காத்திருந்தேன். டிசம்பரில் தன்னாலே தட்டிய அதே கைதானே. தட்டவில்லை. காலும் எழவில்லை. நின்றவர்களின் முதுகுகளுக்கு நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முதுகுகளின் இடைவெளியில் நீ தெரிந்தாய். உன் நீலத் துண்டைக் கழற்றி, நான்காக மடித்து, பைக்குள் வைத்தாய். தோற்ற நாளில் எப்போதும் மடிப்பாயே, அப்படி. அதைப் பார்த்ததும் தேம்பி அழுதுவிட்டேன். "சந்தோஷத்துல அழறா பாவம்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

ஓர்வோ ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம்தான். இந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடிக்கும், இனியும் பிடிக்கும். அதை உனக்காகக்கூட மாற்ற முடியாது. ஆனால் வயிறு கலங்குவது ஒரே ஒரு அணிக்குத்தான் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

வெளியே ஓடிவந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. சூப் ஒரு பானை நிறைய இருக்கிறது. ஓர்வோவும் நானும் மூன்று நாளாவது குடிப்போம்.

நாம் தோற்றுவிட்டோம், ரைலி.

கண்ணாடியைத் துடைக்காதே. எழுத்துப் பிழை இல்லை.

உன்,
ஹெல்வி


கோஸ்கெலா
15 மார்ச் 1987

என் ஹெல்விக்கு,

கண்ணாடியைத் துடைக்கத்தான் வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக.

தௌனோ இருக்கையை விட்டுவிட்டார். கீழ் லீக்கெல்லாம் மனுஷன் பார்க்கமாட்டானாம். அடுத்த சீசனுக்கு அதை உன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டேன். மாதம் ஒரு தடவையாவது ரயில் ஏறி வந்துவிடு, மீதி நாட்களில் என் கோட்டு உட்காரட்டும். கீழ் லீக்கில் ஆட்டம் மோசமாக இருக்குமாம். திட்டுவதற்கு நிறைய இருக்கும்.

ஓர்வோவையும் கூட்டி வா. பச்சைத் துண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவருக்கு நிற்கிற இடம்தான் கிடைக்கும்.

புதிதாகப் பின்னுகிறேன் என்றேனே, பின்னவே இல்லை. ஜனவரியிலிருந்து இடது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். என் நீலத்தைத் தபாலில் அனுப்பாதே. உன் சாம்பலையும் எடுத்துக்கொண்டு நேரில் வா. மூன்றாம் பகுதிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

நாம் மறுபடி மேலே வரவேண்டும்.

உன்,
ரைலி