சேவியர் என்றொரு ஃபோல்டர்

என் உயிர் மாப்ள சேவியருக்கு,

நீ எங்களை விட்டுப் போன முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. சமயநல்லூர் வீட்டில் உன் கணினியை யாரும் நகர்த்தவில்லை. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ஜெனிட்டா, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறாள். தூசி படக்கூடாதாம்.

உன் வினாத்தாள் மென்பொருளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். கணக்கு டீச்சர் வேலை பார்க்கிற ஜெனிட்டா தமிழில் கேள்வித்தாள் அடிக்கப் படாத பாடு படுகிறாளே என்றுதானே ஆரம்பித்தாய்? எழுதி முடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகத் திறந்தும் வைத்தாய். ஆனால் உன் லினக்ஸ் கணினியைத் தவிர வேறெதிலும் அது ஓடவில்லை. அவளுடைய விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஓடவில்லை. கேட்டால் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்பாய். அந்த வாரம் வரவே இல்லையே, மாப்ள.

இப்போது பரீட்சை நெருங்குகிறது. "அவுக எனக்குன்னு செஞ்சது. ஒரு தடவையாவது அதுல நான் அடிச்சுப் பாக்கணும்ண்ணே" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை வண்டியூரிலிருந்து வந்து, துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கோளாறு சீக்கிரமே அகப்பட்டது. தமிழ் எழுத்துருக்களை எங்கே தேடுவது என்கிற வரியில், உன் கணினியில் உன் பெயரில் இருக்கிற ஃபோல்டரையே எழுதி வைத்திருக்கிறாய். உலகத்துக் கணினியில் எல்லாம் சேவியர் என்றொரு ஃபோல்டர் இருக்கும் என்று எப்படிடா நம்பினாய், கிறுக்கா? சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகையை அடக்க முடியவில்லை.

என்னவோ என்று ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். திரையில் உன் பெயரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அழிச்சிராதண்ணே."

அழிக்காமல் எப்படி? அந்தப் பெயர் இருக்கிறவரை அவள் லேப்டாப்பில் ஓடாது. இணையத்தில் இருக்கிற பழைய பதிப்புகளில் நீ எழுதியது அப்படியே கிடக்கும், எங்கேயும் போகாது என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து அங்கிருந்தே, சரி எடுத்துவிடு என்றாள்.

எடுத்தேன். எழுத்துருக்களையும் மென்பொருளோடு சேர்த்துக் கட்டி, எந்தக் கணினியில் போட்டாலும் தன் பக்கத்திலேயே தேடிக்கொள்கிற மாதிரி மாற்றினேன். அவள் லேப்டாப்பில் திறந்தது. முதல் கேள்வியை அடித்தாள். எழுத்து உடையவில்லை, பின்னம்கூட ஒழுங்காக வந்தது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.

"இனிமே எல்லா மெஷின்லயும் ஓடுமாண்ணே?"

ஓடும் என்றேன்.

"அவுகதான் எதுலயும் இல்லை."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக்கு என்ன கணினி வருமோ தெரியாது. எது வந்தாலும், நீ அவளுக்கு எழுதியதை அதில் ஓடவைப்பேன். அவள் போதும் என்கிறவரை செய்வேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
ஜெனிட்டாவின் அண்ணன்