பத்தொன்பதும் நல்ல நிலை

லிலோங்வே
4 நவம்பர் 1996

அன்புள்ள தம்பி லுசுங்கு,

நலமா? தெம்வாவுக்கு ஏழாம் மாதமாமே. பெண்டாட்டியை வெயிலில் அலைய விடாதே.

நாட்டிலுள்ள பாலங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் மாவட்டத்துப் பழைய அறிக்கை மேசையில் இருக்கிறது. பத்தொன்பது பாலம், பத்தொன்பதுக்கும் 'நல்ல நிலை'. கீழே உன் கையெழுத்து. வேறெந்த மாவட்டமும் இவ்வளவு கொடுத்துவைத்ததாக இல்லை. டிசம்பர் நடுவில் நேரில் வருகிறேன்.

உன் அக்கா,
தவோங்கா

கசென்யே
10 நவம்பர்

அன்பு அக்காவுக்கு,

தெம்வா நலம். ன்சிமாக் களி இறங்கவில்லை என்று மாங்காயாகத் தின்கிறாள். நீங்கள் வருவது சந்தோஷம்தான். ஆனால் மழைக்காலத்தில் எதற்கு அலைச்சல்? ஏப்ரலில் வாருங்களேன். லுகாசி ஆற்றுப் பாதையில் வண்டி புதையும். அங்குள்ள பாலத்துக்கு ஒன்றுமில்லை, தினமும் பேருந்து போகிறது.

தம்பி லுசுங்கு

லிலோங்வே
14 நவம்பர்

தம்பி,

வண்டி புதைகிற பாதையில் பேருந்து மட்டும் எப்படிப் போகிறது?

அறிக்கையை மறுபடி பார்த்தேன். எல்லாப் பாலத்துக்கும் ஒரே தேதி. ஓட்டுநர் கோண்ட்வேயிடம் காட்டினேன். "மேடம், அந்த மாவட்டத்தைச் சுத்தி வரவே நாலு நாளாகும். உங்க தம்பிக்கு றெக்கை மொளைச்சிருக்கா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பார்த்தாயா, இல்லையா?

தவோங்கா

கசென்யே
20 நவம்பர்

அக்கா,

பார்க்கவில்லை. வண்டிக்கு டீசல் தரவில்லை. "எழுதிக் குடுய்யா, எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார் மேலதிகாரி. எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் லுகாசிக்குச் சைக்கிளில் போனேன். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், "சார், மேலருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். எங்க பக்கம் வந்து பாருங்க" என்றாள். இறங்கிப் பார்த்தேன். நடு இரும்பு உத்தரத்தின் துருவுக்குள் என் விரல் போனது.

பாலம் மோசம் என்றே எழுதுங்கள். என் பழைய தாளை மட்டும் சேர்க்காதீர்கள். குழந்தை வரப்போகிறது.

லுசுங்கு

லிலோங்வே
24 நவம்பர்

தம்பி,

தாளை எடுக்க முடியாது. எடுத்தால் நாளைக்கு என் கையெழுத்தை யார் நம்புவார்கள்?

அறிக்கை மேலே போய்வர மாதக்கணக்காகும். பாலத்தை நீயே மூடு. கடிதம் கிடைத்த அன்றே.

அக்கா

கசென்யே
12 டிசம்பர்

அக்காவுக்கு,

மூடினேன். மரத்தைக் குறுக்கே தள்ளிவிட்டு நானே காவல் நின்றேன். "பைத்தியமாய்யா உனக்கு? நேத்து வரைக்கும் நல்ல பாலம்தானே!" என்று பேருந்து நடத்துநர் கத்தினான். சந்தைக்குப் போகிற பெண்கள் சுமையோடு திரும்பினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். ஐந்தாம் நாள் பெருமழை. நடுப்பகுதி வெள்ளத்தோடு போய்விட்டது. மேலே யாரும் இல்லை. அந்த நடத்துநர் வந்து என் கையைப் பிடித்தான்.

பாலம் போனதும், அந்தப் பழைய தாளைக் காரணம் காட்டி நேற்று என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தப்பு என்னுடையது. நீங்கள் செய்தது சரி. ஆனாலும், என்னிடம் கேட்பதற்கு முன்னால் ஓட்டுநரிடம் காட்டினீர்களே, அதுதான் ஆறவில்லை.

"அக்கா வந்தா எங்க தங்குவாங்க?" என்று தெம்வா கேட்டாள்.

"அரசாங்க விடுதியில" என்றேன்.

நல்ல அறையாகப் பார்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன்.

லுசுங்கு