முதல் விருப்பம்

அன்புள்ள அக்கா,

மனநல மருத்துவ மேற்படிப்புக்காக இரண்டு கல்லூரிகளைப் போய்ப் பார்த்தேன். பெரிய கல்லூரியில் புதுக் கட்டடம், ஏசி விடுதி. வார்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு சீனியர், "மாத்திரை எழுதிட்டாப் போதும், படிக்க நேரம் நெறையக் கெடைக்கும்" என்றார்.

சிறிய கல்லூரிக்கு, பந்தல்குடியிலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். டாக்டர் என்ன கேட்டாலும் அவரே பதில் சொன்னார்.

"அவுகளே சொல்லட்டும் ஐயா, எனக்கு அவசரமில்ல" என்று டாக்டர் காத்திருந்தார்.

வெகு நேரம் கழித்து அந்தப் பெண், "ஃபேன நிறுத்துங்க, அது என்னைய வையுது" என்றாள். டாக்டரே எழுந்து போய் நிறுத்தினார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கல்லூரியையே முதல் விருப்பமாகக் கொடுத்தேன், இடம் கிடைத்துவிட்டது. "பெரிய காலேஜ விட்டுட்டியே" என்று போனில் அப்பா சத்தம் போட்டார். ஏன் இந்தப் படிப்பு என்று மட்டும் அவர் கேட்பதேயில்லை.

சேருவதற்கு முன் அருப்புக்கோட்டைக்கு வருகிறேன். உன் சாப்பாட்டுத் தட்டை அம்மா உன் அறைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறாளாமே. என் தட்டையும் அங்கேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தோன்றினால் கதவைத் திற. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை