கெட்டுப்போனது ஒயர்தான்

மோன்ஜி,

புது ஹார்டு டிஸ்க்கை மாட்டியும், டிஸ்க்கே இல்லன்னு சொல்லுச்சு நம்ம பழைய கம்ப்யூட்டர். ஒயரை மாத்தினேன். கெட்டுப்போச்சுன்னு கழட்டின பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டுப் பார்த்தேன், உடனே ஓடிடுச்சு. அதைக் குப்பையில போடச் சொல்லி நாலு நாளா நீங்க ஏன் சண்டை போட்டீங்கன்னு அப்பதான் புரிஞ்சது.

உங்க இருதய டாக்டர் ரிப்போர்ட் அதுல இருக்கு. ரமலான்லயே கொடுத்திருக்காங்க. திங்கட்கிழமை ஆபரேஷனாம். கட்டின பொண்டாட்டி என்கிட்ட, அன்னைக்கு ஸ்ஃபாக்ஸ் ஊருக்கு, உங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்னீங்க. படிச்சதும் தரையிலயே உக்காந்துட்டேன்.

சோர்பா சூப் அடுப்புமேல இருக்கு. உப்பு குறைச்சலாத்தான் இருக்கும், சாப்பிடுங்க. நான் ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு வந்துடறேன்.

ரவ்தா

உங்களைத் திட்ட நிறைய இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிங்க, அப்புறம் வெச்சுக்கறேன்.