சத்து மாத்திரை

தையல் கம்பெனி விடுதி,
இரண்டாம் மாடி.
ஞாயிறு, மதியம்.

நம் சின்னவளின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. 'இங்கு நான் நலம்' என்று தொடங்கத்தான் கை வந்தது. பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். காய்ச்சல், தலைவலி என்று ஒன்றும் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நலமா இல்லையா என்பது வருகிற இருபத்தொன்றாம் தேதிதான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் வரும். போட்டால் அத்தைக்கும் கேட்கும், மாடி வீட்டுக்கும் கேட்கும். மெசேஜ் அனுப்பலாம் என்றால், சின்னவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். போனில் எது வந்தாலும் வீடு அதிரப் படிக்கிறாள். அதனால்தான் இதை உங்கள் வேன் ஷெட் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உறையின் மேல் 'சொந்த விஷயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அப்படி எழுதினால்தான் கண்டவனும் பிரித்துப் பார்ப்பான் என்று பிறகு தோன்றியது. உறை வீணாகுமே என்று விட்டுவிட்டேன்.

அறையில் யாரும் இல்லை. மற்ற மூன்று பேரும் சினிமாவுக்குப் போயிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஐந்து மணி வரை இந்த நாலு கட்டிலும் என்னுடையது.

முதலில் நல்ல சேதி. காலர் தைக்கிற வரிசையிலிருந்து என்னைக் காஜா மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டைகள். பட்டன் துளையைச் சுற்றி மெஷின் தானே நூலைப் போட்டு, தானே நடுவில் வெட்டிவிடும். சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார், "மத்த தையல் தப்பாப் போனா பிரிச்சுக்கலாம்மா. காஜா வெட்டினா வெட்டினதுதான்" என்று. அதனால் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் இருப்பது மூலையில், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இப்போதைக்கு எனக்கு அதுதான் வசதி.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "அந்த சத்து மாத்திரைய நிறுத்திடு. நான் கேட்டுட்டேன்" என்று சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நான் "சரி" என்றேன். மறுநாள் காலையிலிருந்து நிறுத்திவிட்டேன். கம்பெனியில் எலும்புக்குக் கொடுத்த மாத்திரையை அல்ல. எச்.ஐ.வி. மாத்திரையை.

நாலு வருஷத்தில் இந்த மூன்று எழுத்தை இப்போதுதான் என் கையால் எழுதுகிறேன். எழுதியதால் காகிதம் ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை.

நீங்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

சத்து மாத்திரை என்று அதற்குப் பேர் வைத்தது நீங்கள்தான். நம் இரண்டு பேருடைய ரிசல்ட்டும் வந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "யாராவது கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிக்கலாம்" என்றீர்கள். நம் ஒரே பிள்ளை, சின்னவளுக்கு இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் நான் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அது சத்து மாத்திரைதான். உங்களுக்கு அந்தப் பேர் தேவைப்படவே இல்லை. ஷெட்டில் தனியாக உங்கள் பெட்டியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறீர்கள், யாரும் கேட்பதில்லை. நான் இங்கே வந்த புதிதில் ஞாயிறு தவறாமல், "சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்பீர்கள். பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கேட்காமல் விட்டதில் உங்களுக்கு அந்தச் சொல் பழையபடி கடையில் விற்கிற மாத்திரையாகிவிட்டது. நான் மட்டும்தான் அந்தப் பேருக்குள்ளேயே குடியிருந்திருக்கிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் எலும்புக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்று அதற்கு முந்தின வாரம் நான்தான் போனில் சொன்னேன். நீங்களும் அக்கறையாக, உங்கள் மாத்திரை வாங்கப் போன இடத்தில், இதையும் அதையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் சேர்த்தால் ஆகாது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் நிறுத்திடு என்று சுருக்கிச் சொன்னீர்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஏன் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அத்தை, "எதுக்குடா நிறுத்தச் சொல்ற? அவளே ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கா" என்றார்கள். இந்தப் பக்கம் ஜன்னல் கட்டில் அக்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். மென்று விழுங்கிவிட்டேன்.

ஆனால் அது பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். நிறுத்து என்று நீங்கள் சொன்னதும் எனக்குள் அப்படி ஒரு நிம்மதி. காரணம் கேட்டால் அந்த நிம்மதி போய்விடுமோ என்றுதான் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாது, இங்கே நான் அதை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று. பாட்டில் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மாதவிலக்குப் பஞ்சுப் பாக்கெட்டுக்குள் பாட்டிலைச் செருகி அலமாரியின் அடியில் வைத்தேன். அதைத் துழாவிப் பார்க்கிறவள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அலாரம். மாத்திரையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு விழுங்க வேண்டும். வாசலில் ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அலாரம் அடித்தால், "இதோ, இவ மாமியார் எழுப்புறாங்க" என்று அறையே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். நீங்கள் சொன்ன மறுநாள் அலாரத்தை அணைத்துவிட்டுக் கூடுதலாகப் பத்து நிமிஷம் தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு வருஷக்கணக்கில் வந்ததில்லை.

அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வேறு 'கிருமி தெரியவில்லை' என்று வந்திருந்தது. தெரியவில்லை என்றால் போய்விட்டது என்று எனக்கு நானே அர்த்தம் செய்துகொண்டேன். நீங்கள் கேட்டுவிட்டேன் என்கிறீர்கள், ரிசல்ட் தெரியவில்லை என்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, நான் குணமாகிவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

நாற்பத்தொரு நாள். மாத்திரை வாங்கப் போன அன்று, அங்கே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா (ஓட்டுக் கேட்டு வருகிற கவுன்சிலர் இல்லை, இவர் வேறு) பாட்டிலைத் தட்டில் கொட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னார் என்றேன். என்ன வார்த்தையில் சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்றார். பையிலிருந்து கம்பெனி கொடுத்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன பேர் சொல்லுவீங்க நீங்க?" என்றார். "சத்து மா..." என்று தொடங்கினேன்.

நிறுத்த வேண்டியதை நாற்பத்தொரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட வேண்டியதை நிறுத்தியிருக்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள், எலும்பு மாத்திரையையும் நிறுத்த வேண்டியதே இல்லையாம். காலையில் இது, மத்தியானம் சாப்பாட்டோடு அது என்று நேரம் மாற்றினால் போதுமாம்.

"தெரியலன்னா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. மாத்திரை அத அமுக்கி வெச்சிருக்கு. கைய எடுத்தா எந்திரிச்சுக்கும்" என்றார் அந்த அம்மா. எழுந்துகொண்டுதான் இருந்தது. அன்று எடுத்த ரத்தத்தில் கிருமியின் எண் ஐந்து இலக்கத்தில் வந்தது. அன்றே டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார், ஒரு வேளை கூட நான் விடவில்லை. மூன்று மாதம் முடிந்து, போன வாரம் திரும்ப ரத்தம் கொடுத்திருக்கிறேன். எண் இறங்கியிருந்தால் இதே மாத்திரை போதும். இறங்கவில்லை என்றால் இந்த மருந்து என்னிடம் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இறங்கிவிடும், பயப்படாதே என்கிறார்கள். மருந்தை மாற்ற வேண்டி வந்தாலும் வேறு இருக்கிறது என்கிறார்கள். பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா?

இந்த மூன்று மாதமும் உங்களிடம் ஏன் சொல்லவில்லை? முதல் மாதம் கோபம். உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலு வருஷம் ஒரு சொல்லை என் தலையில் கட்டிவிட்டு, நீங்கள் மட்டும் சுளுவாக மறந்துவிட்டீர்களே என்று. பிறகு அது என் மேலேயே திரும்பியது. பிறகு, சொன்னால் நீங்கள் உடைந்து போவீர்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிற மனுஷர் என்று தள்ளிப் போட்டேன். போன மாதம் லீவுக்கு வராததற்கு ஓவர்டைம் என்று சொன்னேனே, அது பொய். மூன்று நாளும் இந்தக் கட்டிலில்தான் கிடந்தேன். என் முகத்தைப் பார்த்தால் அத்தை கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஞாயிறுதோறும் நீங்கள், "வேற என்ன?" என்று கேட்பதும், நான், "வேற ஒண்ணுமில்ல" என்பதும் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு ரோஸ் கலரில் ஒரு மருந்தை எப்போது பார்த்தாலும் குடிப்பீர்களே, அதுவும் இந்த மாத்திரையோடு ஒத்துப்போகாதாம். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொட வேண்டும். அதைக் குடித்துவிட்டீர்கள் என்றால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் போக வேண்டும். அடுத்த முறை போகும்போது அந்த மருந்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், ஆனால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். பாட்டிலுக்குள் இருக்கிற சின்னப் பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டாம், ஈரம் இழுக்காமல் இருக்க அது வேண்டும். நான் எறிந்துவிட்டுத் திட்டு வாங்கினேன். யார் நிறுத்தச் சொன்னாலும், நானே சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இது நமக்கு எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருந்ததற்குப் பதிலாக இப்போது ஒன்று கேட்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி வாருங்கள். வேனை ஓட்ட ஷெட்டில் வேறு ஆள் இல்லாமல் போகாது. அத்தையிடம் என்ன சொல்லிவிட்டு வருவீர்கள் என்பது உங்கள் பாடு. பொய் சொன்னாலும் சரி. உண்மையைச் சொல்லத் தெம்பு இருந்தால் அதையே சொல்லுங்கள். எனக்குச் சம்மதம். சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை அத்தை பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும். அம்மா இப்படி எழுதினாள் என்று சொல்ல வேண்டாம், கன்னத்தில் ஒன்று கொடுங்கள், போதும்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்த ஆஸ்பத்திரி நடையில் ஒன்பது தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே முக்கால்வாசிப் பேர் தனியாகத்தான் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டோம். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, இந்தத் தடவை அந்த எண்ணைக் கூப்பிடும்போது என்னோடு சேர்ந்து எழுந்திருக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். காலை ஒன்பது மணி. வந்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி